சைக்கிள் பறந்தது சரி, பாடம் இறங்கியதா?

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி. வாசல் கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது: "வளாகத்துக்குள் ஸ்கேட்போர்டு ஓட்டக் கூடாது." அந்தப் பலகையைத் தாண்டி ஒரு வேன் உள்ளே நுழைகிறது. பின்னால் இழுத்து வரும் டிரெய்லருக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? கழற்றி மாட்டக்கூடிய ரேம்ப்கள், சின்னச் சக்கர சைக்கிள்கள் நான்கைந்து, இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள்.. அப்புறம் ஒரு கட்டு ஸ்கேட்போர்டுகள்!!

கொஞ்ச நேரத்தில் ஜிம் தயார். மொத்தப் பள்ளியும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பாட்டு அதிர்கிறது. ஒருவர் சைக்கிளோடு ரேம்ப்பில் ஏறி அந்தரத்தில் ஹேண்டில்பாரை ஒரு சுற்று சுற்றி விட்டுப் பிடிக்கிறார். இன்னொருவர் ஸ்கேட்போர்டைக் காலால் தட்டிப் புரட்டி அதன் மேலேயே வந்து நிற்கிறார். கூரை கிழிகிற மாதிரி சத்தம். கடைசியில் ஹெட்மாஸ்டரையே கூப்பிட்டுத் தரையில் படுக்க வைத்து அவரைத் தாண்டி சைக்கிள் குதிக்கிறது. அதற்குமேல் பிள்ளைகளைக் கையில் பிடிக்க முடியுமா என்ன?

நடுநடுவே மைக். "ஹெல்மெட் போடுங்கள்." "போதைக்கு வேண்டாம் சொல்லுங்கள்." "யாரையும் கிண்டல் செய்து நோகடிக்காதீர்கள்." முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, ரேம்ப்பைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வேன் அடுத்த பள்ளிக்குக் கிளம்பி விடுகிறது.

கேட்டில் இருந்த பலகை? அது அப்படியே தொங்குகிறது :-)

இது ஒரு குறிப்பிட்ட பள்ளியின் கதை இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படிப் பள்ளி பள்ளியாகப் போய் பி.எம்.எக்ஸ். சைக்கிள், ஸ்கேட்போர்டு சாகசம் காட்டும் குழுக்கள் பல இருக்கின்றன. "படிப்பு நேரத்தில் இந்தக் கூத்து தேவையா?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். "ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் மனசையே மாற்றி விட்டார்கள்" என்று சிலிர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கட்சியுமே விஷயத்தைத் தவற விடுகிறது. இந்தச் சாகசம் பள்ளிக்கு வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் அதன்மேல் ஒட்டி விற்கப்படும் அந்த மைக் உபதேசத்தைத்தான் பள்ளிகள் நம்பி வாங்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

சின்னச் சக்கரம் வந்த வழி

பி.எம்.எக்ஸ். பெரியவர்கள் யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்குக் கலிபோர்னியாவில் மோட்டோகிராஸ் பைக் ரேஸ் பார்த்த சிறுவர்கள், பைக் வாங்க வழியில்லாமல் தங்கள் 20 அங்குலச் சக்கர சைக்கிளையே மண்மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். 1971-ல் வந்த 'ஆன் எனி சண்டே' என்ற ஆவணப்படத்தின் தொடக்கத்தில் அந்தச் சிறுவர்கள் வருவார்கள். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் ஆரம்பித்து விட்டது.

ரேஸ் மட்டும் போதாது என்று சைக்கிளை வைத்து வித்தை காட்டத் தொடங்கியவர்களில் முன்னோடி பாப் ஹாரோ. 'ஃப்ரீஸ்டைல்' என்ற பிரிவே அவரைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1982-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஈ.டி.' படத்தில் சிறுவர்கள் சைக்கிளில் தப்பித்துப் போகும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அதில் சைக்கிள் ஓட்டிய ஸ்டண்ட்காரர்களில் அவரும் ஒருவர். 80-களில் சைக்கிள் கம்பெனிகள் தங்கள் குழுக்களை வேனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பின. கடை வாசல், திருவிழாத் திடல், பள்ளிக்கூடம் என எங்கே கூட்டம் சேருமோ அங்கெல்லாம் ஷோ. நோக்கம் சுலபம்: பார்க்கிற பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அந்த சைக்கிள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டும்!

ஸ்கேட்போர்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. நார்வே 1978-லிருந்து 1989 வரை ஸ்கேட்போர்டை நாடு முழுக்கத் தடையே செய்திருந்தது. அமெரிக்காவில் ஊராட்சிகளுக்கு வேறு பயம்.. யாராவது விழுந்து அடிபட்டு வழக்குப் போட்டால்? கலிபோர்னியா ஸ்கேட்போர்டை 'ஆபத்துள்ள பொழுதுபோக்கு' பட்டியலில் சேர்த்து, பூங்கா கட்டித் தரும் ஊராட்சியின் பொறுப்பைக் குறைத்த சட்டம் 1998-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே பொது ஸ்கேட் பூங்காக்கள் வேகமாக முளைத்தன.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பி.எம்.எக்ஸ். ரேஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். ஃப்ரீஸ்டைலும் ஸ்கேட்போர்டும் சேர்ந்தன. ஒரு காலத்தில் போலீஸ்காரர் துரத்திய விளையாட்டுக்கு இப்போது பதக்கம். பள்ளிக் கதவு திறந்ததில் ஆச்சரியமில்லை.

பார்ப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர்

இனிமேல்தான் வணிகவியல். சினிமா தியேட்டரில் பார்ப்பவர்தான் டிக்கெட் வாங்குகிறார். படம் பிடிக்காவிட்டால் அடுத்த நாள் தியேட்டர் காலி. பள்ளி ஷோவில் அப்படி இல்லை. பார்ப்பது பிள்ளைகள். பணம் கொடுப்பது பள்ளி நிர்வாகம், அல்லது பெற்றோர் சங்கம், அல்லது ஏதாவது ஒரு ஸ்பான்சர். பிள்ளைக்குப் பிடிக்க வேண்டியது பறக்கும் சைக்கிள். பணம் கொடுப்பவருக்குப் பிடிக்க வேண்டியது அந்தச் செலவுக்கு அவர் கணக்கில் எழுதக்கூடிய ஒரு காரணம்.

அந்தக் காரணம்தான் மைக் உபதேசம்!

அமெரிக்காவில் போதைத் தடுப்புக்கெனப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் போகத் தொடங்கியது 1986-ம் ஆண்டுச் சட்டத்தால். போதை எதிர்ப்புக்கான 'ரெட் ரிப்பன் வாரம்' 1988 முதல் நாடு முழுக்க அக்டோபர் கடைசியில் கொண்டாடப்படுகிறது. பின்னாளில் அதே அக்டோபர் 'புல்லியிங் தடுப்பு' மாதமாகவும் ஆனது. இங்கிலாந்தில் 2013 முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்று தனி மானியம் உண்டு. ஆக ஒரே சைக்கிள், ஒரே ரேம்ப், ஒரே குட்டிக்கரணம்.. ஆனால் ஒரு பள்ளியில் அது போதை எதிர்ப்பு, அடுத்த பள்ளியில் புல்லியிங் எதிர்ப்பு, மூன்றாவது பள்ளியில் உடற்பயிற்சி விழிப்புணர்வு. எந்தத் தலைப்பு வேண்டும் என்று பள்ளியே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்கிற குழுக்கள் உண்டு. தோசை ஒன்றுதான், உள்ளே வைக்கிற மசாலா மட்டும் வேறு.

இதில் அந்தக் கலைஞர்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் தொழிலின் கணக்கு அப்படி. வேன், டிரெய்லர், ரேம்ப், காப்பீடு, வருடக் கணக்கில் விழுந்து பழகிய பயிற்சி.. இவை எல்லாம் ஷோ நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆகிற செலவு. வேன் ஒரு ஊருக்குப் போய்விட்டால், ஜிம்மில் இருநூறு பேர் உட்கார்ந்தாலும் ஐநூறு பேர் உட்கார்ந்தாலும் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. அதனால் ஒரே நாளில் இரண்டு காட்சி, பக்கத்து ஊரில் இன்னொன்று என்று அடுக்கினால்தான் கட்டுப்படியாகும். "ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் ஆகிறது" என்று தலைக்குக் கணக்குச் சொல்லும்போது மலிவாகத் தெரிவதும் அதனால்தான். சாப்பாட்டுக்கு வழி தேடும் ஒரு ஸ்கேட்டர், பள்ளிக்கூடம் எந்தப் பெயரில் பணம் தருகிறதோ அந்தப் பெயரில் வாங்கிக் கொள்கிறார். விசாரிக்க வேண்டியது வாங்குகிறவரைத்தான்.

ஒரு நாள் உபதேசம் பலிக்குமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவே நிறைய விலை கொடுத்துப் பதில் தெரிந்து வைத்திருக்கிறது.

1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் டேர் என்ற திட்டம் ஆரம்பித்தது. போலீஸ்காரர் சீருடையில் வகுப்புக்கு வந்து போதையின் கேட்டைச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகளுக்கும் பிடித்தது, பெற்றோருக்கும் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு ரொம்பவே பிடித்தது. நாட்டின் பள்ளி மாவட்டங்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குப் பரவியது. பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1994-ல் வந்த தொகுப்பாய்வு, போதைப் பழக்கத்தில் அதன் பலன் மிகச் சொற்பம் என்றது. 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று எழுதியது. பிற்பாடு அந்தத் திட்டமே பாடத்தை மாற்றிக் கொண்டது. கவனியுங்கள், டேர் ஒரு நாள் கூத்து கூட இல்லை. வாரக் கணக்கில் நடந்த வகுப்பு! அதற்கே கதி இது.

இன்னொரு கதை இதைவிட மோசம். தவறான வழியில் போகும் பையன்களைச் சிறைச்சாலைக்கு ஒரு நாள் அழைத்துப் போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் சொல்லும் திட்டம் நியூ ஜெர்சியில் நடந்தது. 1978-ல் வந்த 'ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்' என்ற ஆவணப்படம் அதைக் காட்டி ஆஸ்கர் வாங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். பிறகு ஆந்தனி பெட்ரோசினோவும் மற்றவர்களும் முறையான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப் போய் வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றத்தில் இறங்கியது தெரிந்தது. நல்லெண்ணம் இருந்தது, நாடகம் இருந்தது, கைதட்டலும் இருந்தது. விளைவு தலைகீழ்!

சரி, புல்லியிங்? அதாவது சக மாணவனையே குறி வைத்துத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது. மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் 2011-ல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வு ஒரு நல்ல செய்தி சொன்னது. பள்ளிகள் எடுக்கும் முயற்சிகளால் சராசரியாக 20 விழுக்காடு அளவுக்கு இந்தத் தொல்லை குறைகிறது. எந்த மாதிரி முயற்சிகளால் என்பதுதான் முக்கியம். நீண்ட நாள் நடப்பவை, ஆழமாக நடப்பவை, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுபவை, இடைவேளையில் விளையாட்டு மைதானத்தில் ஆசிரியர் நின்று கவனிப்பவை. நார்வேயில் டான் ஓல்வேயஸ் 1983-ல் ஆரம்பித்த வழியும் இதுதான். பின்லாந்து 'கிவா' என்ற பெயரில் 2009 முதல் நாடு முழுக்கக் கொண்டு போனதும் இந்த மாதிரிதான்.

மைதானத்தில் ஒரு ஆசிரியர் நிற்பது.. பார்க்க ஒரு சுவாரசியமும் இல்லாத காட்சி. யாரும் கை தட்டப் போவதில்லை. ஆனால் வேலை செய்வது அது.

ஃபைலில் விழும் டிக்

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே" என்று கேட்கலாம். இருக்கிறது.

அந்த ஜிம்மில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். தினமும் பஸ்ஸில் அவன் பையைப் பிடுங்கி வீசுகிற மூன்று பேர் அவனுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கில் அண்ணன் கேட்கிறார்: "இனிமேல் யாரும் யாரையும் நோகடிக்க மாட்டோம், சத்தமாகச் சொல்லுங்கள்!" அந்த மூன்று பேரும்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துகிறார்கள். பின்னால் இருந்து இவன் பார்த்துக் கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் அதே பஸ்.

இதற்கிடையில் அலுவலக அறையில் ஒரு ஃபைல். 'இந்த ஆண்டு புல்லியிங் தடுப்பு நடவடிக்கை' என்ற வரிக்கு நேராக ஒரு டிக் விழுந்தாயிற்று. படம் எடுத்தாயிற்று, உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. அடுத்த வாரம் அந்தப் பையனின் அம்மா வந்து புகார் சொன்னால், "நாங்கள் நிகழ்ச்சியே நடத்தினோமே அம்மா" என்று பதில் தயார்.

ஷோவின் உண்மையான விலை வேனுக்குக் கொடுத்த காசோலையில் இல்லை. அந்த டிக் விழுந்ததால் செய்யாமல் போன வேலையில் இருக்கிறது. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்து போகிற அந்தச் சொல்லின் அர்த்தம், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனுக்கு நன்றாகவே தெரியும்.

ஹெல்மெட் மட்டும் விதிவிலக்கு, அதுவும் பாதி

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் ஒரு விஷயத்தை ஒப்புக் கொள்ள வேண்டும். ஹெல்மெட் பற்றி ஒரு பி.எம்.எக்ஸ். வீரர் பேசினால் அதற்கு எடை உண்டு. அவர் தலையிலேயே அது இருக்கிறது. அவர் விழுகிறவர். போதையைப் பற்றிப் பேச அவரிடம் மைக்கைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஹெல்மெட் பற்றிப் பேச மொத்த உடம்பும் சாட்சி.

விஷயமும் பெரியது. சைக்கிள் விபத்தில் தலைக்கும் மூளைக்கும் ஏற்படும் காயத்தை ஹெல்மெட் 63 முதல் 88 விழுக்காடு வரை குறைப்பதாகக் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று சொன்னது. ஆனால் அதே அமைப்பின் 2011-ம் ஆண்டு ஆய்வு இன்னொன்றும் சொன்னது: வெறும் பாடம் நடத்துவதைவிட ஹெல்மெட்டை இலவசமாகக் கையில் கொடுத்தால் போடுகிறவர்கள் அதிகமாகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 80-களின் நடுவில் ஒரு பிரசாரம் தொடங்கியது. டாக்டர்கள், பள்ளிகள், பத்திரிகைகள் எல்லோரும் சேர்ந்தார்கள். ஹெல்மெட் வாங்கத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். அதையும் வருடக் கணக்கில் விடாமல் செய்தார்கள். 1987-ல் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகள் போட்ட ஹெல்மெட்டை 1992-ல் நாற்பது பேர் போட்டார்கள்.

ஆக, ஹெல்மெட் ஷோ நடத்துகிற பள்ளி ஷோ முடிந்ததும் வாசலில் ஒரு மேஜை போட்டு, இல்லாத பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கொடுக்கிறதா? கொடுத்தால் சபாஷ். கொடுக்காவிட்டால் அந்த உபதேசம் பாதிக் கிணறுதான்.

இன்னொன்று. ஹெல்மெட் போட்டால் எல்லாம் சரி என்பதும் முழு உண்மை இல்லை. பி.எம்.எக்ஸ். உலகின் மாபெரும் நட்சத்திரமான டேவ் மிரா 2016-ல் இறந்த பிறகு, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் மூளை நோய் அவருக்கு இருந்தது உறுதியானது. இதையும் ஒரு வரி சொல்கிற துணிச்சல் அந்த மைக்குக்கு இருந்தால், பிள்ளைகள் மற்றதையும் நம்புவார்கள்.

கூடவே ஹெல்மெட்டில் என்ன லோகோ இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்! இந்த விளையாட்டுகளின் பெரிய ஸ்பான்சர்களில் எனர்ஜி டிரிங்க் கம்பெனிகள் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ 2011-லேயே எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசும் வாய்க்கு மேலே அந்த லோகோ மின்னினால் பிள்ளைகள் எதை ஞாபகம் வைத்துக் கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் எதற்கு ஷோ?

விழுவதைப் பார்ப்பதற்கு.

1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் டோனி ஹாக் அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்க முயன்றார். விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். போட்டி நேரமே முடிந்து போயிற்று. அவர் நிறுத்தவில்லை. சுற்றி நின்ற மற்ற போட்டியாளர்கள் பலகையைத் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். ஏறத்தாழ பத்து முறை விழுந்த பிறகு நின்றார். அப்போது அவருக்கு வயது 31.

டோக்கியோவில் பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன் முதல் சுற்றில் ஒரு முழுச் சுழலோடு பின்பக்கக் கரணம் அடிக்கப் போய்க் கீழே விழுந்தார். பெண்கள் போட்டியில் அதுவரை யாரும் செய்து காட்டாத வித்தை அது. இரண்டாவது சுற்றில் பத்திரமாக ஏதாவது செய்து பதக்கம் பார்க்கலாம் என்று நினைக்கவில்லை. அதே வித்தையைத் திரும்பச் செய்தார். இந்த முறை இறங்கியது. 97.50 மதிப்பெண், தங்கம்.

பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு தப்பானால் சிவப்பு மை. இங்கே தப்பாவதுதான் பயிற்சி. நூறு முறை தப்பாகாமல் எந்த வித்தையும் வராது என்பதை எந்த ஆசிரியரும் இவ்வளவு கண்ணெதிரே காட்ட முடியாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கு வரும் ஷோக்கள் பெரும்பாலும் தப்பே வராத வித்தைகளாகத் தேர்ந்தெடுத்துப் பளபளவென்று காட்டிவிட்டு, விடாமுயற்சியைப் பற்றி வாயால் சொல்லும். தலைகீழாக இருக்கிறது! மைக்கை வைத்துவிட்டு, இன்னும் கைவராத ஒரு வித்தையைப் பிள்ளைகள் முன் பத்து நிமிடம் முயன்று பார்க்கட்டும். விழட்டும், எழட்டும். வராமலே போனாலும் பரவாயில்லை. அதுதான் பாடம்.

இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. பள்ளி டீமில் இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் எப்போதும் அதிகம். உயரம் இல்லை, வேகம் இல்லை, கோச்சுக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேட்போர்டுக்குத் தேர்வே கிடையாது. ஒரு போர்டு, கொஞ்சம் சமதளம், அவ்வளவுதான். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு "இது எனக்கும் வரும்" என்று ஒரு நிமிடம் தோன்றினால் அந்த ஷோவுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. டோக்கியோவில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. பார்க் பிரிவில் வெள்ளி வாங்கிய கோகோனா ஹிராகிக்கு 12, வெண்கலம் வாங்கிய ஸ்கை பிரவுனுக்கு 13. அந்த வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஜிம்முக்கு வெறும் ஆண்கள் குழுவை மட்டும் அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு!

வேன் போன பிறகு

தோன்றினால் மட்டும் போதுமா? மறுநாள் காலையில் அந்தப் பெண் போர்டைத் தூக்கிக் கொண்டு எங்கே போவாள்? பள்ளி கேட்டில் பலகை தொங்குகிறதே.

இந்த இடத்தில்தான் மற்றவர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும். ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் 2007-ல் சில போர்டுகளோடு காபூல் போனார். ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினால் திட்டு விழும். ஆனால் ஸ்கேட்போர்டு என்ற ஒன்றையே யாரும் பார்த்ததில்லை. அதனால் பெண்கள் ஓட்டக் கூடாது என்று யாரும் சொல்லி வைத்திருக்கவும் இல்லை! அந்தச் சந்து வழியாகத்தான் 'ஸ்கேட்டிஸ்தான்' வளர்ந்தது. அவர் ஷோ காட்டிவிட்டுத் திரும்பவில்லை. 2009-ல் அங்கே ஸ்கேட் தளமும் வகுப்பறையும் சேர்ந்த ஒரு பள்ளி எழுந்தது. 2021-ல் தாலிபான் ஆட்சியைப் பிடித்ததும் அந்தப் பணி தடைப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு முன் அங்கே போர்டிலும் ஏறி, புத்தகமும் திறந்த பெண்பிள்ளைகளை யாரும் இல்லை என்று ஆக்க முடியாது.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணியின் முயற்சியில் 2015-ல் அங்கே ஸ்கேட் பூங்கா வந்தது. இரண்டே விதி. பள்ளிக்குப் போகாதவருக்குப் போர்டு கிடையாது. பெண்பிள்ளைகளுக்கே முதல் வாய்ப்பு. இதில் உபதேசம் எங்கே இருக்கிறது? விதியே உபதேசம், அதுவும் தினமும்.

நம் மாமல்லபுரத்துக் கமலியை மறக்க முடியுமா? மீன்பிடிக் குடும்பத்துச் சிறுமி கையில் ஒரு போர்டு கிடைத்தது. கடற்கரையும் சறுக்க ஒரு தளமும் பக்கத்திலேயே இருந்தன. அவளைப் பற்றிய குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் போட்டியிட்டது. அதே பிரிவில் வென்ற படம் எது தெரியுமா? காபூல் ஸ்கேட்டிஸ்தான் சிறுமிகளைப் பற்றியது!

சைக்கிள் விஷயத்திலும் இதே கதைதான். நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளி முடிக்கும் முன் பிள்ளைகள் போக்குவரத்துத் தேர்வு எழுதுகிறார்கள். எழுத்துத் தேர்வு மட்டும் இல்லை, தெருவில் சைக்கிள் ஓட்டியும் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 2007 முதல் 'பைக்கபிலிட்டி' என்ற பயிற்சி மூன்று நிலைகளாக நடக்கிறது. யாரும் அந்தரத்தில் பறப்பதில்லை. கை காட்டித் திரும்பக் கற்றுக் கொள்கிறார்கள். உயிரோடு வீடு வந்து சேர்கிறார்கள்.

கடைசியாக

"பிள்ளைகள் முக்கால் மணி நேரம் சந்தோஷமாக இருந்தார்கள். அதற்கு இத்தனை கணக்கா?" என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயம்தான். சந்தோஷம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் சந்தோஷத்தைச் சந்தோஷம் என்று சொல்லியே வாங்கலாமே? விளையாட்டு விழாவுக்கு, ஆண்டு விழாவுக்கு, பரீட்சை முடிந்த அன்றைக்கு கூப்பிடுங்கள். யாரும் குறை சொல்லப் போவதில்லை. புல்லியிங் தடுப்புக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வேனைக் கூப்பிடும் முன் ஒரு பள்ளி தன்னையே கேட்டுக் கொள்ள வேண்டியவை நான்கு:

1. ஷோ முடிந்த அடுத்த திங்கட்கிழமை, அதே விஷயத்தில் பள்ளி செய்யப் போகும் வேலை என்ன?
2. ஹெல்மெட் பற்றிப் பேசினால், இல்லாத பிள்ளைக்கு ஹெல்மெட் உண்டா?
3. குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா? பிள்ளைகள் தாங்களே ஏறிப் பழகிப் பார்க்க நேரம் உண்டா?
4. ஆசைப்படும் பிள்ளை நாளைக்கு எங்கே போய்ப் பழகும்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒரு சாயங்காலம், கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலை, பார்த்துக் கொள்ள ஒரு ஆசிரியர், பத்துப் போர்டு, பத்து ஹெல்மெட். ஆரம்பிக்க அது போதும்.

அப்புறம் ஒரு ஸ்குரூடிரைவர். கேட்டில் தொங்கும் அந்தப் பலகையைக் கழற்றுவதற்கு :-)